மூலம் அறியப்படவில்லை

எங்கள் அலுவலகத்துக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி மூலநோய்க்காரர்களுடையவை.

தவறு அவர்களுடையது இல்லை. வாசல் பலகையில் 'மாநில மூல ஆய்வு மையம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. பெயர் சூட்டிய குழுவில் தமிழறிஞர்கள் பலர் இருந்தார்களாம். ஒருவருக்குக்கூட அந்த நோய் இருந்ததில்லை போலிருக்கிறது. போதாததற்கு, எங்கள் சுற்றுச்சுவரில் 'மூலம், பவுத்திரம், கத்தியின்றி ரத்தமின்றி' என்று யாரோ வரிசையாகச் சுவரொட்டி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"ஹலோ, மூலத்துக்கு ஆபரேஷன் இல்லாம பாப்பீங்களாம்மா?"

"ராங் நம்பர் சார். நாங்க பொன்மொழிக்கு மூலம் கண்டுபிடிக்கிறவங்க."

"பொன்மொழிக்கா? அதுக்கும் வருதா?"

எனக்கு அதிகம் பேச வராது. அதனால்தானோ என்னவோ தொலைபேசியை என் மேசையில் வைத்திருந்தார்கள். பெயர் நறுமுகை. படித்தது இயற்பியல். பார்ப்பது, யார் எதை முதலில் சொன்னார்கள் என்று சான்று அச்சடிக்கும் வேலை.

மேற்கோள் ஒழுங்குச் சட்டம் வந்தபிறகு இந்த வேலைக்கு நல்ல மரியாதை. பொது இடத்தில் ஒரு பொன்மொழியைச் சொல்ல வேண்டுமானால் அதை முதலில் சொன்னவர் யார் என்று எங்களிடம் சான்று வாங்க வேண்டும். சட்டம் வருவதற்கு முன் எந்த வரியாக இருந்தாலும் அதன் கீழே நாலைந்து பெரியவர்களில் ஒருவருடைய பெயரைப் போட்டுவிடுவார்கள். பாவம், அவர்கள் உயிரோடிருந்த காலமெல்லாம் சாப்பிடாமல் தூங்காமல் பேசியிருந்தால்கூட அவ்வளவு சொல்லியிருக்க முடியாது. இப்போது தினசரி காலண்டரின் அடியில் 'சான்று நிலுவையில்' என்று இருக்கிறது. ஆட்டோக்களின் முதுகு காலியாக இருக்கிறது. தலைமையாசிரியர்கள் காலை வணக்கக் கூட்டத்தில் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறார்கள். குழந்தைகள் மயங்கி விழுவது குறைந்திருப்பதாகச் சொல்கிறார்கள்.

எல்லாவற்றையும் நன்மை என்றும் சொல்ல முடியாது. வேள்நம்பி என்று ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளர் இருந்தார். 'முன்னே செல், உனக்கான இடம் அங்கே இருக்கிறது' என்ற ஒரே வரியை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் பேசி வாழ்ந்தவர். அவருக்கு வைக்கும் சிலைக்கு அடியில் பொறிக்க வேண்டும் என்று அவருடைய ரசிகர்கள் சான்று கேட்டார்கள். தேடினோம். தாம்பரம் பேருந்து நிலையத்தின் பழைய சுவரில் உறைந்திருந்த ஒலியில் கிடைத்தது. "முன்னாடி போங்க, முன்னாடி போங்க, முன்னாடி எடம் இருக்கு!" நடத்துநரின் பெயர் தெரியவில்லை. விசில் சத்தம் மட்டும் தெளிவாக இருந்தது.

அடுத்த கூட்டத்தில் அவர் வாயைத் திறந்ததும் கூட்டத்திலிருந்து யாரோ "ரைட், போலாம்!" என்றார்கள். அதன்பிறகு அவர் மேடை ஏறவில்லை. ஒருநாள் என் மேசைக்கு வந்தார்.

"நான் அந்த பஸ்ல இருந்தேம்மா. அன்னைக்கு எனக்கு வேலை போயிருந்துச்சு. அவர் எல்லாரையும் பாத்துத்தான் சொன்னாரு. எனக்கு மட்டும் சொன்ன மாதிரி இருந்துச்சு. அது திருட்டாம்மா?"

சான்றில் திருத்தம் செய்ய விதி இல்லை என்று மட்டும் சொன்னேன். விதி என்று ஒன்று இருப்பது பேச வராதவர்களுக்கு எவ்வளவு வசதி.

இளம்பரிதி எங்கள் அலுவலகத்தில் சுவர் கேட்பவன். காதில் எப்போதும் கருவி மாட்டியிருப்பான். நான் பேசமாட்டேன், அவனுக்குக் கேட்காது. பொருத்தம் அமோகமாக இருந்தது. இரண்டு வருடம் கழித்து, யாராவது ஒருவர் வாயைத் திறந்துதான் ஆகவேண்டும் என்ற நிலையில், "எங்க வீட்டுக்கு வரியா?" என்று அவன் கேட்டான்.

வீடு குரோம்பேட்டையில். அவன் அப்பா தெய்வசிகாமணி கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தார். அடியில் நடுவே ஓட்டையுள்ள ரப்பர் வளையம்.

"இதைப் பாக்காதம்மா. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ஆபரேஷன். உங்க டிபார்ட்மென்ட்தான்" என்றார்.

"அப்பா!"

"ஊரே வந்து பாத்துட்டுப் போச்சு. வீடு பூரா மாதுளம்பழம். இப்ப நல்லாத்தான் இருக்கேன். ஆனா இதுல உக்காந்து பழகிட்டா வேற எதுலயும் உக்கார முடியல." பிறகு மகனைப் பார்த்தார். "ஆமா, நீ அந்தச் சுவரை வெச்சுகிட்டு என்னதாண்டா பண்ற? மருமகள் முன்னாடியாவது சொல்லு."

"சுவர் பூசினா அது காயற வரைக்கும் பக்கத்துல பேசறதெல்லாம் அதுல உறைஞ்சிடும்பா. சுண்ணாம்பானாலும் சரி, சிமென்ட்டானாலும் சரி. அதை நாங்க திருப்பிக் கேக்கறோம். தமிழ்நாடு பூரா பழைய சுவரையெல்லாம் கேட்டுப் பதிஞ்சு வெச்சிருக்கோம். சுவருக்கும் காது உண்டுன்னு சும்மாவா சொன்னாங்க."

"இதைக் கண்டுபிடிச்சதுக்கா உங்க விஞ்ஞானிக்கு அவார்டு குடுத்தாங்க? கல்யாணமான நாள்லேருந்து நான் உங்கம்மாகிட்ட இதைத்தாண்டா சொல்றேன், மெதுவா பேசுடின்னு. சரி, ராஜா ராணி பேசினதெல்லாம் கெடச்சுதா?"

"சுவர் பூசும்போது ராஜா ஏன்பா அங்க நிக்கப்போறாரு? எல்லாம் கொத்தனார், சித்தாள் பேச்சுதான். 'தண்ணி ஊத்து', 'கலவை கெட்டி', அப்புறம் கெட்ட வார்த்தை."

உண்மை அதுதான். முன்னோரின் ஞானத்தைக் கேட்கலாம் என்று கோடிக்கணக்கில் கொட்டி ஆரம்பித்த மையம் இது. முன்னோர்கள் பெரும்பாலும் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவன் அம்மா கற்பகவல்லி உட்காரவே இல்லை. காப்பி கொடுத்தார், நின்றார். தட்டு எடுத்தார், நின்றார். "உக்காருங்க ஆன்ட்டி" என்று நான் என் முழுப் பலத்தையும் திரட்டிச் சொன்னேன். "வேலை இருக்கு" என்றார். என்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மதியம் கருணைக்கிழங்கு மசியல்.

"இன்னைக்குமா? எனக்குத்தான் சரியாயிடுச்சே. இன்னும் ஏன் வாரத்துல மூணு நாள் கருணைக்கிழங்கு?" என்றார் அங்கிள்.

"சாப்பிடுங்க. வந்தப்புறம் அழறதுக்கு வராம பாத்துக்கறது நல்லது" என்று சொல்லிவிட்டு ஆன்ட்டி என் பக்கம் திரும்பினார். "நட்சத்திரம் என்னம்மா?"

"மூலம்."

கூடத்தில் மின்விசிறி மட்டும் பேசியது.

"ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்" என்றார் அவர், கோபமில்லாமல், பால் திரிந்துவிட்டது என்று சொல்வதைப்போல. "மாமனாருக்கு ஆகாது."

"நல்லதாப் போச்சு" என்றார் அங்கிள். "இனிமே நான் தைரியமா ஜாங்கிரி சாப்பிடுவேன். எனக்கு என்ன ஆனாலும் பழி இந்தப் பொண்ணு மேலதானே?"

"நீங்க சும்மா இருங்க."

"அம்மா, அது தப்பு" என்றான் பரிதி. "அது 'பெண் மூலம்' இல்லையாம், 'பின் மூலம்'. மூல நட்சத்திரத்தோட பின் பாதியாம். பேச்சுவழக்குல மாறிடுச்சாம்."

"யார் சொன்னா?"

"வாட்ஸ்அப்ல…"

"சான்று இருக்கா?"

பரிதி காதிலிருந்த கருவியைத் திருகினான்.

"நாட்டுக்கே நீங்கதானே சான்று குடுக்கறீங்க. இதுக்கும் வாங்கிட்டு வாங்க. இந்தப் பேச்சு தப்புன்னு வந்துச்சுன்னா நானே தாம்பூலத் தட்டோட இவ வீட்டுக்குப் போறேன். இல்லேன்னா பொள்ளாச்சிப் பொண்ணு. ரோகிணி நட்சத்திரம். ஆவணிக்குள்ள முடிவு சொல்லணும்னு உங்க பெரியம்மா கேட்டிருக்கா."

பரிதி அம்மாவை மீறுகிறவன் இல்லை. மீறச் சொல்லிக் கேட்கிற துணிச்சல் எனக்கும் இல்லை. ஆகவே எங்கள் கல்யாணம் சுவர்களின் கையில் இருந்தது.

மறுநாளே தேட ஆரம்பித்தோம். முதலில் அந்த வாட்ஸ்அப் திருத்தம். அது வேளச்சேரியில் ஒரு புது அடுக்குமாடி வீட்டுச் சுவரில் இருந்தது. வீட்டுக்காரர் பூச்சு காய்வதற்குள் குடிவந்துவிட்ட ஓய்வுபெற்ற மனிதர். கைப்பேசியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். "நண்பர்களே, இந்தப் பழமொழியின் உண்மையான பொருள் இதுதான். நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல. பகிருங்கள்." அன்று காலை மட்டும் அவர் பல பழமொழிகளுக்கு உண்மையான பொருள் கண்டுபிடித்திருந்தார். நடுவில் ஒருமுறை "சாம்பார் கொதிக்குது பாருங்க" என்று ஒரு பெண் குரல். "இரு, ஆராய்ச்சில இருக்கேன்" என்றார்.

பரிதி கருவியைக் கழற்றி மேசையில் வைத்தான். "போச்சு."

"பின்னாடி போய்ப் பாரு" என்றேன். வேள்நம்பியின் வரிக்கு நேர் எதிர்.

பின்னால் போனோம். அக்ரகாரத்து வீடுகள், செட்டிநாட்டு வீடுகள், பாளையத்து அரண்மனையின் குதிரை லாயம். எல்லா இடத்திலும் யாரோ ஓர் ஆண் குரல் ஜாதகத்தைப் பார்த்துவிட்டு அதே வரியைச் சொன்னது. ஒவ்வொரு முறையும் அதன் பின் ஒரு நொடி அமைதி. அந்த அமைதி எனக்குத் தெரியும். குரோம்பேட்டையில் கேட்டிருக்கிறேன்.

ஆவணி பிறந்துவிட்டது. தஞ்சாவூருக்குப் பக்கத்தில் இடிந்த சத்திரம் ஒன்றின் சமையற்கட்டுச் சுவர்தான் கடைசி. அதற்கு முந்தைய சுவர் எதிலும் அந்த வரி இல்லை. பரிதி கேட்டான். அவன் காது சிவந்தது. கருவியை என் தலையில் மாட்டினான்.

கொத்தனார் குரல் முதலில், கொஞ்சம் முனகலோடு. "கலவை எங்கடி?"

பிறகு சித்தாள் ஒருத்தி. "வருது, வருது. ஆண் மூலம் அரசாளும்! பானைக்கு அடியில போட்ட வைக்கோல் பிரிமணையைப் புட்டத்துக்குப் போட்டுகிட்டு, உக்காந்த எடத்துலயே ராச்சியம் பண்ணும். பெண் மூலம் நிர்மூலம். அவ உக்காந்தா கஞ்சி காய்ச்ச ஆளில்ல, கல்லு சுமக்க ஆளில்ல, குடியே முழுகிப்போகும். அதான் எங்களுக்கு வந்தா நாங்க வெளிய சொல்றதில்ல."

பெண்கள் பலர் சிரிக்கும் சத்தம். யாரோ கூடையைக் கீழே போடுகிறார்கள். "வாயாடி! கலவையைக் கொண்டாடி!"

நிர்மூலம் என்ற சொல்லை அவள் எங்கே பிடித்தாளோ. சத்திரத்துக்கு வருகிறவர்கள் பேசக் கேட்டிருப்பாள். சுவருக்கே காது இருக்கும்போது சித்தாளுக்கு இருக்காதா.

அதே சத்திரத்தில் அடுத்த அறைச் சுவரும் இருந்தது. அங்கே இரண்டு ஆண்கள். ஒருவர் ஏதோ ஓலையைப் புரட்டுகிறார். சிரிப்புச் சத்தம் தூரத்தில், மங்கலாக.

"கேட்டீரோ? கல் சுமக்கிறவளுக்குக்கூட சாஸ்திரம் தெரிந்திருக்கிறது. பெண் மூலம் நிர்மூலமாம்."

"அப்படியானால் இந்த வரன்?"

"வேண்டாம்."

அதன்பின் ஒரு நொடி அமைதி. முதல் அமைதி அதுதான்.

எங்கள் இயக்குநர் அருமைநாயகம் சார் இரண்டையும் கேட்டார். முதலாவதைத் திரும்பக் கேட்டு, தனியாக, தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அதிகாரியானார்.

"அருமையான கண்டுபிடிப்பும்மா. சான்று தரமுடியாது."

"ஏன் சார்?"

"கவர்மென்ட் முத்திரை போட்ட காகிதத்துல நான் என்னன்னு எழுதறது? 'மேற்படி சாஸ்திரம் ஒரு கொத்தனாரின் ஆசனவாயில் தொடங்கியது'ன்னா? நம்ம குழுவுல ஜோசியர் ரெண்டு பேர் இருக்காங்க தெரியும்ல?"

"உண்மை அதுதானே சார்?"

"உண்மையைக் கண்டுபிடிக்கறதுக்குத்தாம்மா நமக்கு சம்பளம். வெளிய சொல்றதுக்கு வேற டிபார்ட்மென்ட்."

அவர் தந்த காகிதத்தில் ஒரே வரி இருந்தது. 'மூலம் அறியப்படவில்லை.' சான்று இல்லாத ஒலி அலுவலகத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்பது விதி. பரிதியின் கைப்பேசியைக்கூட வாசலில் சோதித்தார்கள்.

"அப்ப உங்கம்மாகிட்ட வாயால சொல்லு" என்றேன்.

"நானா? எங்கம்மாகிட்டயா? இதையா?" அவன் முகம் செங்கல் நிறமானது. "ஆம்பளப் பிள்ளை அம்மாகிட்ட எப்படிச் சொல்றது, முகை…"

எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. விருந்துக்குப் போன வீட்டில் பஜ்ஜி நன்றாயிருக்கிறது என்று சொல்லவே எனக்கு ஒரு வாரம் ஒத்திகை வேண்டும். இதை எப்படி ஒத்திகை பார்ப்பது?

ஆவணி கடைசி ஞாயிறு. கூடத்தில் அங்கிள் வளையத்தில் வீற்றிருந்தார். நேராகச் சமையலறைக்குப் போனேன். கற்பகவல்லி ஆன்ட்டி நின்றுகொண்டே கருணைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் முக்காலி காலியாக இருந்தது.

"சான்று வந்துச்சா?"

காகிதத்தை நீட்டினேன். படித்தார். "அறியப்படவில்லை. சரி. அப்ப பொள்ளாச்சிக்குப் போன் பண்ணிடறேன். என்மேல வருத்தப்படாதம்மா."

"அறிஞ்சாச்சு ஆன்ட்டி" என்றேன். குரல் என்னுடையது மாதிரியே இல்லை. "எழுதமாட்டேங்கறாங்க. நான் சொல்றேன்."

சொன்னேன். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். பிரிமணையைச் சொன்னேன், கஞ்சியைச் சொன்னேன், கல்லைச் சொன்னேன். புட்டம் என்ற இடத்தில் தடுமாறி, இருமி, அதையும் சொன்னேன். 'அதான் எங்களுக்கு வந்தா நாங்க வெளிய சொல்றதில்ல' என்று முடித்தேன். அடுத்த அறையிலிருந்த இரண்டு ஆண்களையும் சொன்னேன்.

கத்தி நின்றிருந்தது. இனி கிளம்பிப் போகவேண்டியதுதான் என்று திரும்பினேன்.

முதலில் மூக்கிலிருந்து ஒரு சத்தம். பிறகு தோள். பிறகு அவர் இரண்டு கையாலும் மேடையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஐயோ, சிரிக்க வெக்காதடி. வலிக்குது."

"எங்க ஆன்ட்டி?" என்று கேட்டுவிட்டேன். கேட்டபிறகுதான் நறுக்கிய கருணைக்கிழங்கைப் பார்த்தேன். காலி முக்காலியைப் பார்த்தேன். இயற்பியல் படித்தவள். கண்முன் இருப்பதைப் பார்க்க எனக்குச் சான்று தேவைப்பட்டிருக்கிறது.

"எத்தனை வருஷமா ஆன்ட்டி?"

"பரிதி பொறந்ததுலேருந்து."

"டாக்டர்கிட்ட…"

"யாரு போறது? போனா ரெண்டு நாள் படுக்கச் சொல்வாங்க. நான் படுத்தா இங்க யாரு பாக்கறது?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்க அங்கிளுக்கு வந்தப்ப ஒரு மாசம் பெட்பேன் எடுத்தேன். நின்னுகிட்டேதான்." மறுபடி சிரிப்பு வந்தது. அடக்கினார். "இத்தனை வருஷமா இதை ஜோசியம்னு நெனச்சு நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன் தெரியுமா? எங்க அண்ணனுக்குப் பாத்த பொண்ணுக்குக்கூட. அவ பேரு என்னமோ… நல்ல பொண்ணு." சிரிப்பு அங்கே நின்றுவிட்டது. பிறகு கையைக் கழுவி, முந்தானையில் துடைத்தபடி கூடத்துக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன்.

"எந்திரிங்க."

"என்னடி?" என்றார் அங்கிள்.

"அந்த வளையம் எனக்கு வேணும்."

"உனக்கெதுக்கு?"

"மூலத்துக்கு."

பரிதி தரையைப் பார்த்தான். அங்கிள் மனைவியைப் பார்த்தார். விஷயம் புரிய அவருக்கு வெகுநேரம் பிடித்தது. பிறகு எழுந்தார். ஆன்ட்டி சாய்வு நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார், கண்ணை மூடினார், நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

"பரிதி, பொள்ளாச்சிக்கு வேண்டாம்னு சொல்லிடு. நாளைக்கு ஆஸ்பத்திரில டோக்கன் போடு. ஏங்க, நீங்க போய் அந்தக் கிழங்கை நறுக்குங்க, கை அரிச்சா புளித்தண்ணி தொட்டுக்குங்க. நீ இங்க வாம்மா, உக்காரு. உங்க வீட்டுக்கு என்னைக்கு வரட்டும்?"

உள்ளேயிருந்து அங்கிளின் குரல். "அப்ப எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"இன்னைக்குப் பாத்திரமும் கழுவுங்க. ஆகுதா இல்லையான்னு பாப்போம்."

கல்யாணப் பத்திரிகையில் சித்தாளின் அந்த வரியைப் போட வேண்டும் என்று ஆன்ட்டிக்கு ஆசை. சான்று இல்லாமல் அச்சகத்தார் ஒப்புக்கொள்ளவில்லை. அலுவலகக் கணினியில் அந்த ஒலிக்கு நேராக, சொன்னவர் பெயர் என்ற இடத்தில் மட்டும் 'வாயாடி' என்று ஏற்றிவைத்தேன். அருமைநாயகம் சார் பார்த்தார். பார்க்காததுபோலப் போய்விட்டார்.

ஒரு திங்கட்கிழமை காலை வேலைக்குப் போனதும் தொலைபேசி அடித்தது.

"ஹலோ, மூலத்துக்கு வைத்தியம் பாக்கற எடமாம்மா?"

ராங் நம்பர் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"யாருக்கு சார்?"

"எனக்குத்தான்."

"உங்க வீட்டம்மாவுக்கு?"

"அவளுக்கா? அவளுக்கு ஒண்ணும் இல்லயே. நல்லாத்தானே நிக்கறா."

எனக்கு அதிகம் பேச வராது. கம்பியின் அந்தப் பக்கம் மிக்ஸி ஓடி நின்றது. பாத்திரம் ஒன்று கீழே விழுந்து உருண்டது.

"இருங்கம்மா" என்றார் அவர். "லைன்ல இருங்க. கேட்டுட்டு வரேன்."